கியூஎஸ்எல் கார்டு: விட்டுப்போன விவரம் தேடும் நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

மயிலாப்பூரிலிருந்து வந்த பெட்டி நிறைய கியூஎஸ்எல் கார்டுகள், அதாவது ஹாம் ரேடியோக்காரர்கள் வானொலியில் பேசியதை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டைகள். பல கார்டுகளில் பால்பாயிண்ட் மை வெளுத்திருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கார்டின் விளிம்போடு படுக்கவைத்து அடித்தால் பேனா அழுத்திய பள்ளத்தில் நிழல் விழும். 1-ஆ 7-ஆ என்பது தெரிந்துவிடும். அப்படியும் பிடிபடாததை 600 டிபிஐயில் கலர் ஸ்கேன் எடுத்து, சிவப்பு சேனலை மட்டும் பார்க்கணும். பழுப்புத் தாள் வெளிறும், நீல மை கறுக்கும், மேலே குத்திய சிவப்பு முத்திரை மறையும்.

நவம்பர் 5, புதன்

இன்றைய கார்டு அருமையானது. கிழக்கு ஜெர்மனி, அக்டோபர் 28, 28 மெகாஹெர்ட்ஸ், எஸ்எஸ்பி (குரல் முறை), ரிப்போர்ட் (சிக்னல் தர எண்) 5914. ஆண்டு மட்டும் இல்லை.

ரிப்போர்ட் 59தான், 14 ஜெர்மனியின் மண்டல எண். அப்படியென்றால் இது ரிப்போர்ட்டோடு மண்டல எண்ணும் சொல்லும் சிகியூ வேர்ல்ட்வைட் ஹாம் போட்டி. எஸ்எஸ்பி போட்டி நடப்பது அக்டோபரின் கடைசி முழு சனி ஞாயிறில். கால்சைன் (நிலையத்தின் அழைப்புக் குறி) ஒய்2 என்று தொடங்குவதால் 1980-க்கு முன் போகாது. அதற்குப் பின் 1990 வரை 28-ஆம் தேதி சனி அல்லது ஞாயிறாக வந்தது 1984, 1989, 1990-இல். 'டிடிஆர்' (கிழக்கு ஜெர்மனியின் ஜெர்மன் சுருக்கப்பெயர்) என்று அச்சிட்டிருக்கிறது. அந்த நாடு 1990 அக்டோபர் 3-இல் இல்லாமல் போனது. பழைய ஸ்டாக் கார்டாக இருந்தாலொழிய 1990 கழிந்தது. 1984-இல் சூரியப்புள்ளிகள் குறைந்துகொண்டிருந்தன. 1989 சூரியப்புள்ளி உச்சத்தை ஒட்டிய ஆண்டு, அப்போது 28 மெகாஹெர்ட்ஸில் தொலைதூரத் தொடர்பு நன்றாகக் கிடைத்திருக்கும். என் கணிப்பு 1989. லாக் (பேசிய தொடர்புகளைப் பதியும் ஏடு) கிடைக்கும்வரை இது கணிப்புதான்.

நவம்பர் 8, சனி

சிங்கப்பூர் கார்டு, '2310 லோக்கல்'. அங்கே 1981 முடியும்வரை யூடிசியோடு (உலகப் பொது நேரம்) ஏழரை மணி வித்தியாசம், 1982 முதல் எட்டு மணி. ஆகவே 1540 அல்லது 1510 யூடிசி. கார்டின் ஆண்டைப் பார்க்காமல் கழித்தால் அரைமணி பிசகும்.

நம் பக்கத்திலும் தேதி வழுக்கும். சென்னையில் அதிகாலை 5.30-க்கு முன் பேசியதெல்லாம் யூடிசியில் முந்தின நாள். லாக்கில் கிடைக்கவில்லை என்றால் முதலில் ஒரு நாள் பின்னே தேடுங்கள்.

நவம்பர் 10, திங்கள்

எதிர் நிலையத்துக்கு எழுதும்போது இரண்டு பக்க ஸ்கேனையும் இணைத்து, 'இந்தக் கால்சைனோடு உங்கள் லாக்கில் என்னென்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்கணும். நம் ஊகத்தைச் சொன்னால் பெரும்பாலும் 'ஆமாம்' என்றே பதில் வரும், அது சான்றாகாது.

கார்டில் எதையும் எழுதக் கூடாது. திருத்தம் கண்ட கார்டு டிஎக்ஸ்சிசி விருதுக்கு (பல நாடுகளோடு பேசியதற்குத் தருவது) செல்லாது. கண்டுபிடித்ததைத் தனிச் சீட்டில் பென்சிலால், காரணத்தோடு எழுதி, உறையில் கார்டுக்குப் பின்னால் வைக்கணும்.