பள்ளிக்கூடம் கேட்டுப் போன கதை

எங்கள் சபை இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்தில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. தகரக் கூரை, அரைச்சுவர். ஒருநாள் உபவாச ஜெபம் முடிய ஒரு அக்கா விம்மி அழுதா. பத்தாம் ஆண்டு படிக்கும் மகளுக்குப் பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் எடுக்க ஆளில்லை. சமய பாட நேரத்தில் பிள்ளை மரத்தடியில் தனிய இருக்கிறதாம். அன்றைக்கே, ஒன்றாம் ஆண்டு தொடங்கிப் பதினோராம் ஆண்டுவரை நாங்களே பள்ளிக்கூடம் நடத்துவோம் என்று முடிவெடுத்தோம். காசும் சேர்த்தோம். அலுவல் பார்க்கிற பொறுப்பு எனக்கு.

கிராம அலுவலர், பிரதேச செயலகம் எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் வலயக் கல்வி அலுவலகம். அங்கிருந்த அதிகாரி கதிரை தந்து இருத்திச் சொன்னார்: "தம்பி, 5 வயதிலிருந்து 14 வயதுப் பிள்ளையளுக்குப் புதுசா தனியார் பாடசாலை தொடங்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் விடாது." சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து நடக்கின்றனவாம். கூலி வேலைக்குப் போகிற எங்கள் சனத்துக்கு அந்தக் கட்டணம் எங்கே கட்டுப்படியாகும்?

நான் எழும்பப் போக, "பிள்ளைக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். சொன்னேன். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கத்தோலிக்கம் வேறு, கிறிஸ்தவம் வேறு பாடம்; வகுப்பில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் பிள்ளை தன் சமயத்துக்கே தோற்றலாம், பெற்றோர் அதிபருக்குக் கடிதம் கொடுங்கள் என்றார். அரசாங்கப் பாடநூலும் இருக்கிறது. இதை முதலே கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை அவ்வளவு நாள் மரத்தடியில் இருந்திருக்காது. இப்போதும் அது என் நெஞ்சில் குத்துகிறது. இந்த எண்ணத்தோடு இருக்கிற வேறு சபையார், காசு சேர்க்க முதல் வலயத்தில் போய்க் கேளுங்கள்.

சேர்த்த காசைத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் வாங்கவில்லை. கரும்பலகையும் பாய்களும் வாங்கினோம். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் பின்னேரம் மூன்றரைக்குச் சபை மண்டபத்தில் கூடுகிறார்கள். ஒரு மூலையில் பாஸ்டர் அம்மா கிறிஸ்தவ பாடம். நடுவில் பெரியதுகள் சின்னதுகளுக்கு வாய்ப்பாடு. கணிதத்துக்கு ஆள் தேடினபோது, ஓய்வுபெற்ற சைவ ஆசிரியர் ஒருவர் தானாகவே வந்தார். திருநீற்றோடு வேதவசனப் பலகைக்குக் கீழே நின்று கேத்திரகணிதம் படிப்பிக்கிறார். மரத்தடியில் இருந்த பிள்ளை இப்போது முன்வரிசைப் பாயில் இருக்கிறாள்.