குண்டு கனமா, வெடிமருந்து ஜாஸ்தியா: பிஸ்டல் உதை எதனால?

கோயமுத்தூர் துப்பாக்கி சுடற ரேஞ்சுல இத்தன நாளா பாயிண்ட் 22 (குண்டு அகலம், அங்குலத்துல) பிஸ்டல் தானுங்க, இப்பத்தான் அத விடப் பெரிய பாயிண்ட் 32 சென்டர்ஃபயர் பிஸ்டல் கைக்கு வந்துச்சு, அதுல இருந்து இந்த ரீகாயில், அதாவது சுட்டதும் பிஸ்டல் பின்னாடி உதைக்கற சமாச்சாரம் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்குது.

மொதல்ல 22லயே ரெண்டு விதமான ரவுண்டு (தோட்டா) மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். ரெண்டுலயும் குண்டு 40 கிரெய்ன் தான், 2.6 கிராம், ஒரு பவுன்ல மூணுல ஒரு பங்கு கூட வராது போல இருக்கும். டப்பா கணக்குப்படி ஸ்டாண்டர்ட் ரவுண்டு நொடிக்கு 330 மீட்டர் கிட்ட, ஹை வெலாசிட்டி 380 கிட்ட. 15 சதவீதம் தானேன்னு விட்டுடாதீங்க, பிஸ்டல் பின்னாடி வர்ற எனர்ஜி ஸ்கொயர்ல ஏறுறதால அது மூணுல ஒரு பங்கு கூடிப்போகுது. அதுவும் போக சத்தம் ஜாஸ்தியா வந்தா உதை இன்னும் பெருசா இருக்கற மாதிரி மனசுக்குப் படுது.

32 வேற ரகம். வாட்கட்டர்ங்கற தட்டை மூக்கு குண்டு 98, 100 கிரெய்ன், வேகம் 230 மீட்டர் சுமாருக்கு. 22ஐ விட மெதுவாத்தான் போகுது, ஆனா எடையையும் வேகத்தையும் பெருக்குனா வர்ற உந்தம் ஸ்டாண்டர்ட் 22ஐ விட முக்கால் பங்கு அதிகம். கைக்கு என்னமோ சுளீர்னு அடிக்கல, தள்ளிவிடற மாதிரி தான் இருக்குது. பிஸ்டல் எடைய ஏத்தி அமுக்கலாம்னா போட்டியில 1400 கிராம் தான் லிமிட்டுங்க.

மருந்து மாத்திப் பாக்க வழியில்ல, நமக்கு கடை ரவுண்டு தான், அதனால பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்குக் கிடையாது, இருந்தாலும் கணக்குக்கு அது தான் நல்லா வருது. ஐபிஎஸ்சிங்கற பிஸ்டல் போட்டியில மைனர்ங்கற பிரிவுக்கு பவர் ஃபேக்டர் (குண்டோட கிரெய்ன் எடைய நொடிக்கு இத்தன அடிங்கற வேகத்தால பெருக்கி ஆயிரத்தால வகுத்தது) 125 வேணும். 115 கிரெய்ன் குண்டுன்னா நொடிக்கு 1090 அடி போகணும், 147ன்னா 850 சொச்சம் போதும். குண்டோட உந்தம் ரெண்டுலயும் ஒண்ணு தான், ஆனா கனமான குண்டுக்கு மருந்து கம்மி. மருந்தும் எடை தானுங்களே, எரிஞ்சு வாயுவாகி குண்ட விட வேகமா குழல் வாயில பீச்சுது. சீக்கிரம் எரியற மருந்து கொஞ்சம் போட்டாலே அந்த வேகம் வந்துரும், மெதுவா எரியறது ஜாஸ்தி வேணும். மருந்து 2 கிரெய்ன் கூடுனா பின்னாடி வர்ற மொத்த உந்தத்துல 6 சதவீதம் சுமாருக்கு ஏறுது.

காம்பன்சேட்டர் (குழல் முனையில மாட்டி வாயுவ மேல திருப்பி விடற சாமான்) மாட்டறவங்களுக்கு இது அப்படியே தலைகீழ், குழல் வாய் மேல தூக்காம அமுக்கறதே அந்த வாயு தான்ங்கறதால லேசான குண்டு, மெதுவா எரியற மருந்துன்னு தேடிப் போறாங்க. பக்கத்து லேன்ல நிக்கறவங்க காது பாவமுங்க.