பதினாறு வயதுக்குப் பிறகும் காலாண்டு அறிக்கை அனுப்ப வேண்டுமா?

நியூயார்க் மாநிலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், பிள்ளைக்குப் பதினாறு வயது நெருங்கியதும், அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்துக்கு இனியும் காலாண்டுதோறும் படிப்பு பற்றிய அறிக்கை அனுப்ப வேண்டுமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் மகளை முன்னிட்டு நானும் விதிமுறைகளைப் புரட்டினேன்.

சட்டத்தின் விடை எளிது. 16 வயது நிறையும் கல்வியாண்டின் இறுதியோடு கட்டாயக் கல்வி முடிகிறது. நியூயார்க் நகரம் போன்ற சில இடங்களில் 17. கல்வியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்பதால், ஜூன் கடைசியில் பதினாறு முடிக்கும் பிள்ளைக்கு அத்துடன் கட்டாயம் நீங்கிவிட, ஜூலையில் பிறந்த எங்கள் மகளுக்கு இன்னும் ஓராண்டு முழுதாகச் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் கட்டாயம் நீங்கியதும் அறிக்கையை நிறுத்திவிடலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இம்மாநிலத்துக் கல்லூரிகளில் பட்டம் பெற, உயர்நிலைப் படிப்புக்கு இணையான கல்வியை முடித்ததற்கு ஏதேனும் ஒரு சான்று வேண்டும். வீட்டில் படித்தவர்களுக்குப் பள்ளி மாவட்டம் டிப்ளோமா தருவதில்லை; அதற்கு ஈடாக மாவட்டக் கண்காணிப்பாளர் தரும் கடிதம் ஒரு வழி. பத்தாம் வகுப்போடு கோப்பு நின்றுபோனால், எஞ்சிய இரண்டு ஆண்டுகளுக்கு அவர் எதை நம்பிக் கையெழுத்திடுவார்? ரீஜென்ட்ஸ் எனப்படும் மாநில உயர்நிலைப் பள்ளித் தேர்வுகள் ஐந்தில் தேறுவது, டிப்ளோமாவுக்கு இணையான ஜிஇடி தேர்வு எழுதுவது, கல்லூரியில் 24 கிரெடிட் (பாட மதிப்பலகு) முடிப்பது ஆகிய வழிகளும் உண்டு என்றாலும், எழுதிப் பழகிய அறிக்கையைத் தொடர்வதே எனக்குச் சுலபமாகப் படுகிறது.

அறிக்கையும் அப்படியொன்றும் பெரிய சுமையில்லை. வீட்டுக்கல்விக்கான மாநில விதி 100.10 கேட்பது, அந்தக் காலாண்டில் படித்த மணிக்கணக்கு, பாடவாரியாக நடத்திய பகுதிகள், மதிப்பெண் அல்லது ஓரிரு வரி மதிப்பீடு ஆகியவைதாம். திட்டமிட்டதில் 80 சதவீதத்துக்குக் குறைவாக முடித்த பாடத்துக்கு மட்டும் காரணம் எழுத வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து பாடங்களை அளக்கும் ஒரு முழு யூனிட் என்பது ஆண்டுக்கு 6,480 நிமிடம், அதாவது 108 மணி நேரம். ஆகவே 'இயற்கணிதம், 27 மணி நேரம், இருபடிச் சமன்பாடுகள் வரை, பி பிளஸ்' என்ற ஒரே வரியில் கணிதத்தின் காலாண்டு அடங்கிவிடுகிறது. சிலர் பயிற்சித்தாள்கள், புகைப்படங்கள் என்று கட்டுக்கட்டாக இணைத்து அனுப்புகிறார்கள். கேட்காததைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அதையும் எதிர்பார்ப்பார்கள் என்பது என் எண்ணம்.

கடிதம் விஷயத்தில் மாவட்டங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதிலும் வாங்கிவிடுவது நல்லது. மறுப்பு வந்தாலும், ரீஜென்ட்ஸ் தேர்வுக்கு ஆயத்தமாக அப்போது இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கும்.