மாதா, பிதா, மூற்றர், ஃபாற்றர்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று சங்கச் செயலாளர் கேட்டார். விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பிரம்படியைப் பற்றியும் மற்றவர்கள் எப்படியும் எழுதுவார்கள், அதனால் நான் பள்ளிக்கூடச் சுவரைப் பற்றி எழுதுகிறேன். மண்டபத்துச் சுவரில் நீலப் பெயின்ற்றால் "மாதா பிதா குரு தெய்வம்" என்று எழுதியிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாலு சொல்லும் வடசொல் என்று தமிழ் ரீச்சர் சொல்லித் தந்தார். அந்த நாலுக்கும் ஐரோப்பாவில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பது ஜேர்மனிக்கு வந்து, மாலை வகுப்பில் மொழி படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாதா ஜேர்மனில் மூற்றர், லத்தீனில் மாத்தேர். பிதா ஜேர்மனில் ஃபாற்றர், லத்தீனில் பாத்தேர். தெய்வம், தேவ என்ற சொல்லின் வழியில் வந்தது, அதற்கு லத்தீனில் தெயுஸ். ஆனால் எனக்குப் பிடித்தது குருதான். சமஸ்கிருதத்தில் குரு என்றால் முதலில் பாரமான, கனமான என்றுதான் பொருள், ஆசிரியர் என்பது அதிலிருந்து வந்தது. அதே சொல்லின் லத்தீன் வடிவம் கிராவிஸ், பௌதிகத்தில் படித்த கிராவிற்றி அதன் பிள்ளை. எங்கள் கணித மாஸ்ரரை நினைத்துப் பார்த்தால் பாரம் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

இதை ஒரு சங்கக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு அண்ணை விடவில்லை. "தம்பி, எல்லாம் தமிழிலிருந்து போனதுதான். எய்ற் எண்டால் எட்டு, வண் எண்டால் ஒண்டு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு என்பதன் பழைய உருவம் எண்பது, எண்ணூறு என்பவற்றில் தெரிகிறது, கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. அந்த ணகரத்தையும் னகரத்தையும் சமஸ்கிருத அஷ்டவிலோ ஜேர்மன் ஆஹ்ற்றிலோ எங்கே தேடுவது? இரண்டு சொல் ஒரேமாதிரி ஒலிப்பதை வைத்துக்கொண்டு உறவு பேச முடியாது. ஒலி மாறும்போது ஒழுங்காக மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதும் இல்லை. சாதாரண தரத்தில் நன்னூல் வழியாகத் தற்சமம் (மாறாமல் வரும் வடசொல்), தற்பவம் (தமிழுக்கேற்ப மாறி வரும் வடசொல்) என்று படித்தோமே, பங்கஜம் பங்கயம் ஆகும், ஹரன் அரன் ஆகும் என்று. அப்போது அது பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்கிற சங்கதி. இங்கே நான் இருக்கிற ஹானாவ் நகரச் சந்தைச் சதுக்கத்தில் கிரிம் சகோதரர்களின் சிலை நிற்கிறது. எல்லோருக்கும் அவர்களைத் தேவதைக் கதைகளால்தான் தெரியும். மூத்தவர் யாக்கோப் 1822இல் செய்தது வேறு வேலை: லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் ப வரும் இடத்தில் ஜேர்மானிய மொழிகளில் ஃப வரும் என்பது போன்ற மாற்றங்களை விதியாக அடுக்கிக் காட்டினார். (டென்மார்க்கின் ராஸ்க் 1818இலேயே இதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டார், பேர் மட்டும் கிரிமுக்குப் போய்விட்டது.)

பிதா ஃபாற்றர், பஞ்ச ஃப்யுன்ஃப், பாதம் ஃபூஸ். அடுத்ததாகத் தந்தம் (பல்), தச (பத்து) என்ற சொற்களைப் பாருங்கள். தமிழ் எழுத்தில் தெரியாது, ஆனால் வடமொழியில் இவற்றின் முதல் ஒலி 'பந்து' என்பதில் வரும் மெல்லிய த. அது ஆங்கிலத்தில் வல்லினமாகி ரூத், ரென் என்று வரும். ஜேர்மன் இன்னும் ஒரு படி போய் ட்ஸான், ட்ஸேன் என்னும். சொல்லின் நடுவிலோ கடைசியிலோ உயிருக்குப் பின்னால் வந்தால் அதே ஒலி ஜேர்மனில் ஸ் ஆகிவிடும், பாதம் ஃபூஸ் ஆனது அப்படித்தான். இப்போது நம் பள்ளியின் பெயருக்கு வாருங்கள். மகா வித்தியாலயம். வித்தியா என்பதன் அடி வித், அறிதல். ஜேர்மனில் அறிதலுக்கு வீஸ்ஸன். அதே விதி! மகா, லத்தீன் மாக்னுஸுக்கு உறவு. ஆலயத்தை விட்டுவிடுவோம்.

விதி பிடிபட்டால் போலி உறவும் பிடிபடும். லத்தீனில் ஹபேரே, ஜேர்மனில் ஹாபென், இரண்டுக்கும் பொருள் வைத்திருத்தல், கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். இல்லை. ஜேர்மன் ஹ, லத்தீன் க-வுக்குத்தான் ஈடு, ஆகவே ஹாபெனுக்கு உறவு 'எடு' என்று பொருள்படும் கபேரே.

இதில் எனக்கு இன்னும் வியப்பு தீராத இடம் ஒன்று உண்டு. பிதா, ப்ராதா (சகோதரன்) இரண்டிலும் ஒரே த. ஆனால் ஜேர்மனில் ஃபாற்றர் என்று வல்லினமும் ப்ரூடர் என்று மெல்லொலியும் வருகின்றன. ஏன்? 1870களில் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ்காரர் எந்த அசையில் அழுத்தம் என்று காட்டும் வேதத்தின் சுரக் குறிகளைப் பார்த்தார். பிதாவில் அழுத்தம் கடைசி அசையில், ப்ராதாவில் முதல் அசையில். மாதாவிலும் கடைசியில்தான், அதனால்தான் மூற்றர். இந்தியாவில் வாய்ப்பாடமாகக் காப்பாற்றிய ஒரு சுரம், ஜேர்மன்காரன் தன் அப்பாவை எந்த எழுத்தால் கூப்பிடுகிறான் என்பதை விளக்குகிறது.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் மூலமொழியில் ஒரு வரி எழுத்துகூடக் கிடைக்கவில்லை. ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவங்கள் என்பதால் அதன் சொற்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786இல் இப்படி ஒரு பொது மூலம் இருந்திருக்க வேண்டும் என்று பேசியது பிரபலம்.

கொழும்பு பஸ்ஸில் காசு எண்ணக் கற்றுக்கொண்ட சிங்களமும் இந்தக் குடும்பம்தான். ஹத என்றால் ஏழு, சமஸ்கிருத ஸப்த. கிரேக்கத்தில் ஹெப்தா. இரண்டு இடத்திலும் ஸகரம் தனித்தனியாக ஹகரம் ஆனது, ஒன்றைப் பார்த்து ஒன்று மாறவில்லை.

சரி, தமிழ்? 1816இல் ஃபிராங்ஃபுர்ட்டில் போப் என்பவர் சமஸ்கிருத, கிரேக்க, லத்தீன் வினைச்சொற்களை ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். அதே வருடம் மதராஸில் எல்லிஸ் என்ற கலெக்டர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று அச்சில் காட்டிவிட்டார். என்னோடு வேலை செய்கிற பெங்களூர்க்காரர் கன்னடத்தில் பாலை ஹாலு என்பார், பல்லை ஹல்லு, புலியை ஹுலி, பத்தை ஹத்து. நம் ப வரும் இடத்தில் ஒழுங்காக ஹ. அடுத்த கூட்டத்தில் அண்ணைக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன், எய்ற்றை விட இது பலமான சாட்சி.