பவர் கொடுத்தவர் இருக்கிறாரா?

மேலூர்ப் பக்கம் 20 வருடங்களுக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறேன். தன் சொத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பதை, பொது அதிகார ஆவணம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. 'பவர்' என்றால்தான் தெரியும்.

2010இல் ஒருவர் பவரோடு வந்தார். நோட்டரி கையெழுத்து மட்டும் போட்ட பவர், பதிவு செய்யாதது. பெரியாற்றுப் பாசனத்தில் 60 சென்ட் வயல். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தேன். பவர் கொடுத்தவர் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு வயதான அம்மா இறப்புச் சான்றிதழோடு வந்து நின்றார். "அவரு போயி நாலு மாசங்கழிச்சு எப்படிப்பா வயலை வித்தாரு?"

என்னிடம் பதில் இல்லை. கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அதோடு முடிந்துவிடும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இது இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டேன். அந்த அம்மா வழக்குக்காக மதுரைக்கு பஸ் ஏறி அலைந்ததை வருடக்கணக்கில் பார்த்தேன்.

அப்புறம்தான் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2012 டிசம்பர் முதல், நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். முன்பு பதிவு செய்த பவர்கூட பதிவு அலுவலகத்தில் நான்காம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில்தான் ஏறும், வில்லங்கத்தில் வராது. இப்போது வில்லங்கம் போட்டாலே தெரிகிறது. பவர் வாங்கிய முகவர் கிரயம் செய்ய வந்தால், கொடுத்தவர் உயிரோடு இருப்பதாக 30 நாளுக்குள் வாங்கிய மருத்துவர் சான்றும் வைக்க வேண்டும்.

இந்தச் சான்றுக்குத்தான் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். "எங்கப்பா நல்லாத்தான் இருக்காரு, இதுக்கு ஒரு சர்டிபிகேட்டா?" என்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு டாக்டரை வீட்டுக்கு அழைத்து வருவது சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தச் சான்றிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. 25 நாளுக்கு முன்னால் வாங்கியது என்றால், இடையில் என்ன நடந்தது என்று காகிதம் சொல்லாது.

அதனால் பதிவு நாளன்று காலையில், "தம்பி, ஐயாவுக்கு ஒரு போன் போடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேசிவிடுவேன். எந்த நிலம், என்ன விலை, யாருக்கு விற்கிறார்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு பெரியவர் விலையைக் கேட்டதும், "அவ்வளவுதானா? எங்கிட்ட வேற சொன்னானே" என்றார். அன்றைக்குப் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகவில்லை.