நம் உத்தரவுக்குக் கட்டுப்படாதவர்களோடு வேலை செய்வது: ஒரு தலைமைப் பயிற்சி அனுபவம்

பொதுச் சுகாதாரத் துறையில் நடுமட்டப் பொறுப்பில் இருப்பவர்களுக்கான ஓராண்டுத் தலைமைப் பயிற்சியைச் சமீபத்தில் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் வெறும் பாடம்தான். 1939இல் உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் பிரித்துக் காட்டிய மூன்று தலைமைப் பாணிகள்: அதட்டி வேலை வாங்குவது, கலந்து பேசி முடிவெடுப்பது, அவரவர் போக்கில் விட்டுவிடுவது. அப்புறம் ஆளுக்கும் வேலைக்கும் ஏற்றபடி பாணியை மாற்றச் சொல்லும் ஹெர்சி, பிளான்சர்ட் முறை. இதையெல்லாம் வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

என்னை உலுக்கியது அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியின் கதை. 1966இல் நைஜீரியாவில் பெரியம்மை பரவியபோது, எல்லோருக்கும் போடும் அளவுக்கு அவரிடம் தடுப்பூசி இல்லை. அந்தப் பகுதி மிஷனரிகளோடு ரேடியோவில் பேசி, எந்தெந்த ஊரில் நோய் இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார். நோய் கண்ட இடத்தைச் சுற்றியிருந்தவர்களுக்கு முதலில் ஊசி போட்டார்கள். அந்த மிஷனரிகளில் யாருமே அவருக்குக் கீழ் வேலை செய்தவர்கள் இல்லை! நம் வேலையும் பெரும்பாலும் அப்படித்தான். பள்ளி, குடிநீர்த் துறை, உள்ளாட்சி என்று எதுவுமே நம் உத்தரவுக்குள் வராது. ஆனால் அவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பயிற்சியின் இன்னொரு பகுதி 360 டிகிரி மதிப்பீடு. அதில் மேலதிகாரி, சக அலுவலர்கள், களப்பணியாளர்கள் எல்லோரும் பெயர் சொல்லாமல் நம்மைப் பற்றி எழுதி மதிப்பெண் போடுவார்கள்; நாமும் நமக்குப் போட்டுக்கொள்வோம். படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். "மதிப்பெண்ணை விடுங்கள். நீங்கள் உங்களுக்குப் போட்டதும் களப்பணியாளர்கள் போட்டதும் எங்கே அதிகம் விலகுகிறது, அதை மட்டும் பாருங்கள்" என்றார் என் பயிற்றுநர். அதற்குப் பிறகுதான் அந்த அறிக்கை எனக்குப் பயன்பட்டது.

பயிற்சியின் உயிர் என்றால் செயல்வழிக் கற்றல் குழுதான். ரெஜ் ரெவன்ஸ் 1940களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய முறை இது. ஒருவர் தன் வேலையில் உள்ள நிஜமான சிக்கலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்விதான் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. களத்திலிருந்து நோய்த் தகவல் தாமதமாக வருகிறது என்று நான் சொன்னேன். படிவம் பெரியதா, இணைய வசதி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியாக ஒரு செவிலியர், "அவர்கள் அனுப்பும் தகவலுக்கு யார் பதில் எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். யாரும் எழுதுவதில்லை. தகவல் மேலே போகும், கீழே ஒன்றும் திரும்பாது. எங்கள் அமைப்பே அப்படி. அதன்பின் வாரம் ஒருமுறை, வந்த தகவலை வைத்து என்ன செய்தோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கினோம். கூட்டத்தில் களப்பணியாளர்களே முதலில் பேசட்டும் என்றும் வைத்துக்கொண்டோம். தகவல் சீக்கிரம் வர ஆரம்பித்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, படிவத்தில் இடமில்லாத விஷயங்களையும் அவர்களே போன் செய்து சொன்னதுதான்.

இதற்காக உத்தரவுப் பாணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் வேகமாகப் பரவும் நாட்களில் ஒருவர் முடிவெடுத்து மற்றவர்கள் நிறைவேற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் நம் சொல் எடுபடுவதற்கான நம்பிக்கையை அமைதியான மாதங்களிலேயே சம்பாதித்திருக்க வேண்டும்.

சேர்வதாக இருந்தால் இரண்டு விஷயம். குழுவுக்கு நிஜமாகவே தூக்கம் கெடுக்கும் சிக்கலைக் கொண்டுபோங்கள்; சும்மா ஒரு தலைப்பை எடுத்தால் கேள்விகளும் சும்மாவே வரும். அப்புறம், பயிற்சி நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் குழுவில் பாதியில் நின்றவர்கள் எல்லோரும் அந்த ஏற்பாடு இல்லாததால்தான் நின்றார்கள்.