அறிக்கை தேறியது, நோயாளி தேறவில்லை

குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, மலப் பரிசோதனை அறிக்கை என்பது நெடுங்காலம் ஒற்றைத் தாளாகவே இருந்தது. ரத்தம் உண்டா, சீழணுக்கள் உண்டா, ஒட்டுண்ணிகள் தென்படுகின்றனவா என்ற நான்கைந்து வரிகளுக்கு மேல் அதில் எதுவும் இராது. ஆகவே, ஏழு மாதமாக வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டு வந்த ஒரு பெண்மணி, தாமாகவே செய்துகொண்ட குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனையின் இருபது பக்க அறிக்கையை என் மேசைமேல் வைத்தபோது, இதை எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சம் அவருக்கு மூன்று மாதங்களை வீணாக்கியது.

அறிக்கை முழுவதும் வண்ணப் பட்டைகள். நுண்ணுயிர்களின் பன்முகத்தன்மை குறைவு என்று சிவப்பில் ஒரு பட்டை. குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் பியூட்டிரேட்டை உண்டாக்கும் ஃபீகாலிபாக்டீரியம் மிகக் குறைவு என்று இன்னொன்று. ஃபெர்மிக்யூட்டிஸ், பாக்டீராய்டிட்டிஸ் என்னும் இரு பெரும் பிரிவுகளின் விகிதம் பிறழ்ந்திருப்பதாக மற்றொன்று. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று அவரும் சொன்னார். கதை கச்சிதமாகப் பொருந்தியதால் மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றவில்லை. குடலைவிட்டு ரத்தத்தில் பெரிதும் கலக்காத ரிஃபாக்ஸிமின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வாரமும், அதன்பின் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக்கை இரண்டு மாதமும் கொடுத்துவிட்டு, அதே பரிசோதனையை மறுபடி செய்யச் சொன்னேன். சிவப்புப் பட்டைகளில் பெரும்பாலானவை பச்சையாகியிருந்தன. நான் மகிழ்ச்சியோடு அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் சொன்னார்: “அறிக்கை நல்லா இருக்குங்கறீங்க டாக்டர், ஆனா நான் இன்னும் காலையில நாலு தடவை ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன்?”

அன்று இரவுதான் அந்த அறிக்கை எதை அளக்கிறது என்று முறையாகப் படிக்க உட்கார்ந்தேன். மலத்தில் உள்ள பாக்டீரியாக்களின் மரபணுவை வரிசைப்படுத்தி, எந்த இனம் எத்தனை விழுக்காடு என்று அது சொல்கிறது, எண்ணிக்கையைச் சொல்வதில்லை. எனவே ஓர் இனம் குறைந்தால், தாம் இருந்தபடியே இருக்கும் மற்ற இனங்கள் பெருகிவிட்டதுபோலத் தோன்றும். மேலும், வெளியேறும் மலத்தில் இருப்பது பெருங்குடலின் உள்வெளியில் மிதப்பதுதான். குடல் சுவரின் சளிப்படலத்தில் ஒட்டி வாழ்பவற்றையோ சிறுகுடலில் நடப்பதையோ அது நேராகக் காட்டாது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. மலம் குடலைக் கடக்கும் வேகமே நுண்ணுயிர்களின் கலவையை மாற்றும். மலத்தின் தன்மையை வகைப்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோலின் ஏழு வகைகளில் ஆறாவது, ஏழாவது வகையாக, அதாவது குழைவாகவும் நீராகவும் போகிறவரின் அறிக்கையில் பன்முகத்தன்மை குறைந்து காணப்படுவது நோயின் காரணமாக இல்லாமல், அதன் விளைவாகவே இருக்கலாம். நான் கொடுத்த புரோபயாட்டிக்கைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தது: ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் புரோபயாட்டிக் எடுத்துக்கொண்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்த நுண்ணுயிர்கள் திரும்பிவருவது தாமதப்பட்டதாக 2018-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்தார்கள்.

மறுமுறை அவர் வந்தபோது, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை ஒவ்வொரு பரிசோதனையையும் ஒரு கேள்விக்காக மட்டுமே கேட்டேன். குடலில் அழற்சி இருக்கிறதா என்பதற்குக் கால்புரோடெக்டின். நியூட்ரோஃபில் வெள்ளணுக்களிலிருந்து வரும் இந்தப் புரதம் ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு. 250-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தேடிப் பார்த்தாக வேண்டும். அவருக்கு வந்ததோ 140, இங்குமில்லாமல் அங்குமில்லாமல். முதுகுவலிக்காக அன்றாடம் ஐபுப்ரூஃபனும், அதற்குத் துணையாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் எடுத்துவந்தார் என்பது கேட்ட பிறகே தெரிந்தது. இரண்டுமே இந்த அளவை உயர்த்தக்கூடியவை. அவற்றை நிறுத்தி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 38. பெருங்குடலை உள்நோக்கியபோது எடுத்த திசுத் துணுக்குகளிலும் அழற்சி இல்லை.

கணையம் போதிய நொதிகளைச் சுரக்கிறதா என்பதற்கான எலாஸ்டேஸ் என்னும் நொதியின் அளவு, ஒரு கிராம் மலத்தில் 160 மைக்ரோகிராம் என்று வந்தது. 200-க்குக் கீழே என்றால் குறைபாடு என்று பாடத்தில் இருப்பதால், நொதி மாத்திரைக்குக் கை போய்விட்டது. ஆனால் அவர் கொடுத்தனுப்பியது நீர்த்த மலம். நீர் கூடினால் நொதியின் அடர்த்தி குறைந்து, இல்லாத குறைபாட்டைக் காட்டும். சற்றே கெட்டியாகப் போன ஒரு நாளில் எடுத்த மாதிரியில் 380 இருந்தது. ஜியார்டியா ஒட்டுண்ணி எல்லா நாளும் வெளிப்படாது என்பதால் மூன்று வெவ்வேறு நாட்களின் மாதிரிகளைப் பார்த்தோம், இல்லை. கோதுமையின் பசையத்தால் (குளூட்டன்) வரும் பசையக் குடல் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் இயல்பாகவே இருந்தது.

கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வயிற்றுப்போக்கைத் தரக்கூடிய கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா இருப்பதாக வந்ததுதான் உண்மையான சோதனை. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வயிற்றுப்போக்கு, கையில் இந்த முடிவு. அந்தக் கிருமிக்கான ஆன்டிபயாட்டிக்கான வான்கோமைசினை எழுதாமல் இருக்க மன உறுதி வேண்டும். ஆனால் பி.சி.ஆர். காண்பது நச்சை உண்டாக்கும் மரபணுவையே, நச்சை அன்று. குளிரில் வைத்து உடனே அனுப்பிய மாதிரியில் நச்சுப் பரிசோதனை எதிர்மறையாக வந்தது. காய்ச்சல் இல்லை, வெள்ளணு எண்ணிக்கை ஏறவில்லை, பல மாதங்களாக ஒரே நிலை. நோய் வராமலே அந்தக் கிருமியைச் சுமப்பவர்கள் பலர் உண்டு. வான்கோமைசின் மிஞ்சியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் வாரிக்கொண்டு போகும் என்பதால், பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

விடை எந்தப் பரிசோதனையிலும் இல்லை. “அந்த ஆன்டிபயாட்டிக் எதற்காகக் கொடுத்தார்கள்?” என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இத்தனை மாதங்கள் கழித்துக் கேட்டேன். பித்தப்பை அழற்சிக்காகவாம், அதைத் தொடர்ந்து பித்தப்பையையே அகற்றியிருந்தார்கள். பழைய கதைதானே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பித்தப்பை இல்லாதவர்களில் சிலருக்கு, சேமிப்பிடம் இன்றி இடைவிடாமல் குடலில் இறங்கும் பித்த அமிலங்கள் சிறுகுடலின் முடிவில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைந்து, அங்கே நீரைச் சுரக்கச் செய்யும். பித்த அமிலங்கள் சில பாக்டீரியாக்களை ஒடுக்கி வேறு சிலவற்றை வளரவிடும் தன்மை கொண்டவை என்பதால், அந்த வண்ணப் பட்டைகளுக்கும் ஒரு பகுதி விளக்கம் இதிலேயே கிடைத்தது. பித்த அமிலத்தைப் பிணைத்து வெளியேற்றும் கொலஸ்டிரமின் தூளை நாளுக்கு 4 கிராம் தொடங்கினேன். மற்ற மருந்துகளையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்னதாகவோ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் தொலைபேசியில், காலையில் ஒரு தடவைதான் போனதாகச் சொன்னார்.

நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு என்பதே பொய் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டில், டிஃபிசில் நோய் மூன்றாம் முறை திரும்பிய ஒரு முதியவரையும் பார்த்தேன். நச்சு தெளிவாக இருந்தது, காய்ச்சலும் இருந்தது, மருந்தை நிறுத்திய சில வாரங்களுக்குள் ஒவ்வொரு முறையும் திரும்பியது. அவருக்குக் குலைவே நோய். நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், நலமான கொடையாளரின் மலத்தை ஒரே முறை செலுத்தியதில் 16 பேரில் 13 பேர் குணமடைய, வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வர்தான் குணமடைந்தனர். அந்தச் சிகிச்சையை முறையாகச் சோதிக்கப்பட்ட கொடையாளர்களைக் கொண்டு செய்யும் மையத்துக்கு அவரை அனுப்பினேன். கொடையாளர் சோதனையில் நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு: 2019-இல் மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை பாக்டீரியா கலந்த மலக் கொடையால் ஒரு நோயாளி இறந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருந்தது. அந்த முதியவர் தேறினார்.

அந்தப் பெண்மணி ஆறு மாதம் கழித்துக் கொலஸ்டிரமினைத் தாமாகவே நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் பழைய ஓட்டம் தொடங்கியது; மறுபடி ஆரம்பித்ததும் அடங்கியது. மூன்றாவது முறையாக அந்த வண்ண அறிக்கையை எடுக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டார். எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டதும் சற்று யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, அடுத்த மாதத்துக்கான தூளுக்குச் சீட்டு எழுதித் தரச் சொன்னார்.